மூன்றாவது முறையும் கன்னம் வீங்கினால்: குழந்தைகளின் கண், வாய் வறட்சி நோய்க்கு ஒரு முழு வழிகாட்டி

பொன்னுக்கு வீங்கி ஒருவருக்கு வாழ்நாளில் பெரும்பாலும் ஒரு முறைதான் வரும். என் மகளுக்கு 9 வயதுக்குள் மூன்று முறை வந்துவிட்டதாக எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். மூன்றாவது முறை என் மாமியார் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். வீக்கம் வழக்கம்போல ஒரு வாரத்தில் வடிந்தது. பெயர் சங்கிலிக்குப் போனது.

உண்மையில் வந்திருந்தது ஷோக்ரன் நோய். உடலைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் எதிரியாக எண்ணித் தாக்கும் நோய் இது. அந்தப் பெயர் எங்கள் காதில் விழ இரண்டரை ஆண்டுகள் ஆயின. பிறகு இதே நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் பலரோடு பேசியிருக்கிறேன். தடுமாறும் இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்ய வேண்டியவற்றை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாகச் செய்துவிடுகிறார்கள்.

நான் மருத்துவர் அல்ல. இதைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றாதீர்கள். எதற்கு முன் எது, ஏன் என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

மருத்துவரிடம் நேரம் வாங்குவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இந்த நோயில் அறிகுறிகள் வந்து வந்து போகும். வீக்கத்தோடு நீங்கள் அழைத்துப் போக நினைக்கும் நாளில் கன்னம் இயல்பாக இருக்கும். "இப்போது ஒன்றும் இல்லையே" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். நாங்கள் அப்படி நான்கு முறை திரும்பினோம்.

கன்னம் வீங்கும் ஒவ்வொரு நாளும் படம் எடுங்கள். நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, ஜன்னல் வெளிச்சத்தில். நோட்டில் தேதி, எந்தப் பக்கம், காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாளில் வடிந்தது ஆகியவற்றை எழுதுங்கள்.

தடுப்பூசி அட்டை, பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், உயரமும் எடையும் குறித்த பதிவு ஆகியவற்றையும் அதே பையில் போடுங்கள். குழந்தை குடிக்கும் எல்லா மருந்தின் பெயரையும், சளி மருந்து உட்பட, எழுதுங்கள். செட்டிரிசின், குளோர்பெனிரமின் போன்ற ஒவ்வாமை மருந்துகள் தாமே கண்ணையும் வாயையும் வறட்டுபவை. ஆறு மாதமாக அவற்றைக் குடிக்கும் குழந்தையிடம் வறட்சி இருப்பது வேறு கதையாக இருக்கலாம்.

2. 'வறட்சி' என்ற சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பெரியவர்களுக்கு இந்த நோய் "கண் எரிகிறது, நாக்கு ஒட்டுகிறது" என்று தொடங்கும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. சுரப்பிகள் தாக்கப்படும், வீங்கும். ஆனால் சுரப்பதை உடனே நிறுத்திவிடாது. வறட்சி சில ஆண்டுகள் பின்னால் வரும். அதற்குக் காத்திருப்பவர்கள் அந்த ஆண்டுகளை இழக்கிறார்கள்.

முதலில் வருவது காதுக்கு முன்னும் கீழும் உள்ள வீக்கம். ஒரு பக்கமோ இரு பக்கமோ வரும், வடியும், சில மாதங்களில் மீண்டும் வரும். அதோடு காரணமில்லாத காய்ச்சல், மூட்டு வலி, விளையாடப் போகாமல் சுருண்டு படுக்கும் களைப்பு, காலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் சேரலாம். பெண் குழந்தைகளுக்கே இந்த நோய் அதிகம். 10 வயதை ஒட்டிக் கண்டறியப்படுவதே வழக்கம்.

வறட்சி வந்த பிறகும் குழந்தை அதைச் சொல்லாது. எல்லோருக்கும் வாய் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவே கேட்பதைவிடப் பார்ப்பது மேல். தட்டைப் பாருங்கள். முறுக்கு, பிஸ்கட், சப்பாத்தி ஒதுக்கப்படுகின்றனவா? தயிர்ச் சோறும் ரசச் சோறும் மட்டும் போதும் என்கிறதா? ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறதா? இரவில் எழுந்து தண்ணீர் கேட்கிறதா? என் மகள் இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுத்தான் சாப்பிடுவாள். "அவள் அப்பாவைப் போல" என்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

கண்ணில் வறட்சி பல வேடங்களில் வரும். அடிக்கடி இமைத்தல், கசக்குதல், மண் விழுந்தது போல இருக்கிறது என்று சொல்லுதல், வெயிலில் கண் கூசுதல், காலையில் நூல் போல இழுபடும் பீளை. அடம் பிடித்து அழுதும் கன்னம் நனையாமல் இருந்தால் அது வெறும் பிடிவாத அழுகை என்று விட்டுவிடாதீர்கள், நோட்டில் எழுதுங்கள்.

பற்கள் இன்னொரு சாட்சி. கீழ்ப்பக்க முன்பற்கள் எப்போதும் உமிழ்நீரில் நனைந்திருப்பதால் அவை எளிதில் சொத்தையாவதில்லை. அங்கேயும், ஈறை ஒட்டிய விளிம்பிலும் சொத்தை விழுந்தால் மிட்டாயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

3. அதே முகமுள்ள மற்ற நோய்கள்

கன்னம் திரும்பத் திரும்ப வீங்கும் எல்லாக் குழந்தைக்கும் ஷோக்ரன் இல்லை. குழந்தைப் பருவத்தில் மட்டும் வந்து போகும் ஒரு கன்னச் சுரப்பி அழற்சி உண்டு. அது 3 முதல் 6 வயதுக்குள் தொடங்கும், ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம், பருவ வயதை எட்டும்போது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ரத்தப் பரிசோதனைகள் இயல்பாக இருந்தால் மருத்துவர் இதைத்தான் முதலில் சொல்வார். அப்போதும் நோட்டை மூட வேண்டாம். ஆண்டுதோறும் ஒரு முறை சோதனையைத் திரும்பச் செய்யலாமா என்று கேளுங்கள்.

எச்ஐவி, காசநோய், சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் நோய்) ஆகியவையும் இதே இடத்தில் வீக்கம் தரும். எச்ஐவி சோதனை எழுதினால் கோபப்படாதீர்கள். அது உங்கள் குடும்பத்தின் மீதான சந்தேகம் இல்லை. பட்டியலில் உள்ள பெயரை அடிக்கும் வேலை.

கண்ணில் மட்டும் தொல்லை என்றால் நம் ஊர்களில் முதலில் நினைக்க வேண்டியது ஒவ்வாமை. அதில் அரிப்பு முந்தி நிற்கும். வறட்சியில் எரிச்சலும் உறுத்தலும் முந்தி நிற்கும். மாலையில் பார்வை மங்குகிறது என்று குழந்தை தடுமாறினால் வைட்டமின் ஏ குறைபாட்டைப் பார்க்க வேண்டும். மூக்கடைப்பால் வாயைத் திறந்து தூங்கும் குழந்தைக்கும் காலையில் வாய் காய்ந்துதான் இருக்கும். அதிகத் தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் கழித்தால் அன்றே சர்க்கரை பார்த்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

4. ரத்தம் எடுப்பது மாத்திரைக்கு முன்

வீக்கத்தைப் பார்த்ததும் சிலர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிவிடுவார்கள். வீக்கம் இரண்டே நாளில் வடியும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஸ்டீராய்டு உள்ளே போன பிறகு எடுக்கும் திசுச் சோதனை தெளிவாக இருக்காது. மறைந்திருக்கும் வேறு கெட்ட நோயையும் அது மூடிவிடக்கூடும். அவசரம் இல்லையென்றால் "சோதனைகளை முடித்துவிட்டுத் தொடங்கலாமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கேட்க வேண்டிய சோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, ஈஎஸ்ஆர், சிஆர்பி (இரண்டும் அழற்சியைக் காட்டுபவை), ஏஎன்ஏ, ஆன்டி-ரோ, ஆன்டி-லா, ருமட்டாய்டு காரணி (நான்கும் உடலையே தாக்கும் எதிரணுக்களை, அதாவது ஆன்டிபாடிகளை, தேடுபவை), ஐஜிஜி அளவு, சி3, சி4 (நோய் எதிர்ப்புப் புரதங்கள்), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), பொட்டாசியம், பைகார்பனேட், சிறுநீர்.

இதில் இரண்டு இடங்களில் ஆட்கள் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஏஎன்ஏ நெகட்டிவ் என்று வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆன்டி-ரோ எதிரணு சில வேளைகளில் ஏஎன்ஏ சோதனையில் பிடிபடாது. தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஆன்டி-ரோ என்பதைச் சில ஆய்வகங்கள் எஸ்எஸ்ஏ என்று அச்சிடும், ஆன்டி-லாவை எஸ்எஸ்பி என்று. பெயர்தான் வேறு, சோதனை அதேதான், இரண்டு முறை காசு கட்ட வேண்டாம்.

அடுத்தது அமைலேஸ் என்ற செரிமான நொதி. கன்னச் சுரப்பி வீங்கியிருக்கும்போது அது ஏறும். கணையமும் அதே பொருளைச் சுரப்பதால் எங்கள் மகளைக் கணைய அழற்சி என்று இரண்டு நாள் பட்டினி போட்டார்கள். வயிற்று வலியே இல்லை என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கணையத்துக்கான இன்னொரு நொதியான லைப்பேஸ் இயல்பாக இருந்தால் அமைலேஸ் பெரும்பாலும் கன்னத்திலிருந்து வந்ததுதான்.

பொட்டாசியத்தையும் பைகார்பனேட்டையும் விட்டுவிடாதீர்கள். இந்த நோய் சிறுநீரகக் குழல்களைத் தொட்டால் உடலில் அமிலம் தேங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். வளர்ச்சி தேங்குவதும் எலும்பு வளைவதும் திடீரெனக் கைகால் விழுந்துவிடுவதும் அதனால் வரும். கண்ணும் வாயும் நன்றாக இருக்கும்போதே இது வரலாம்.

5. கண்ணீரையும் எச்சிலையும் அளப்பது

கண் மருத்துவர் கீழ் இமைக்குள் ஒரு சிறு காகிதத் துண்டை மாட்டி 5 நிமிடம் வைப்பார். இதன் பெயர் ஷெர்மர் சோதனை. காகிதம் 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் நனைந்தால் கண்ணீர் குறைவு. பிறகு சாயம் போட்டுக் கருவிழியின் மேற்பரப்பில் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்.

அன்று காலை சொட்டு மருந்து போடாமல் அழைத்துப் போங்கள். போட்டுவிட்டுப் போனால் அளப்பது மருந்தைத்தான். முந்தின நாள் வீட்டில் ஒரு வடிகட்டித் தாளை வெட்டிப் பொம்மையின் கண்ணில் வைத்துக் காட்டுங்கள். பயந்து அழுதுவிட்டால் காகிதம் நனைந்து தவறான அளவு வரும். மிகச் சிறிய குழந்தைகளிடம் இந்தச் சோதனை செல்லாது; அவர்களுக்குச் சாயச் சோதனையே நம்பகமானது.

எச்சிலை அளக்க, குழந்தை குனிந்து உட்கார்ந்து ஒரு கிண்ணத்தில் வழியவிட வேண்டும். மெல்லக் கூடாது, துப்ப முயலக் கூடாது. அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் உணவு, தண்ணீர், பல் துலக்கல் எதுவும் வேண்டாம். நிமிடத்துக்கு 0.1 மி.லி. அல்லது அதற்கும் குறைவு என்றால் வறட்சி. 15 நிமிடத்துக்கு ஒன்றரை மி.லி.; 10 மி.லி. சொட்டு மருந்துக் குப்பியில் கால் பங்குகூட வராது.

6. ஸ்கேன், உதட்டுத் திசு, பிறகு பெயர்

கன்னச் சுரப்பிகளுக்கு அல்ட்ராசவுண்டு எடுப்பார்கள். வலியில்லை, கதிர்வீச்சில்லை. சுரப்பிக்குள் கருமையான சிறு குழிகள் நிறைந்து தேன்கூடு போலத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். நான்கு சுரப்பிகளையும், கன்னத்தில் இரண்டு, தாடைக்குக் கீழ் இரண்டு, பார்க்கச் சொல்லுங்கள். வீங்கிய ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பும் இடங்கள் உண்டு.

ஆன்டி-ரோ நெகட்டிவாக இருந்து சந்தேகம் தீரவில்லை என்றால் கீழ் உதட்டின் உட்புறத்திலிருந்து சில சிறு சுரப்பிகளை எடுத்துப் பார்ப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் சிறு வேலை. இரண்டு நாளைக்குக் காரமும் சூடும் வேண்டாம். அந்த இடத்தில் சில வாரம் மரத்துப்போன உணர்வு இருக்கலாம் என்று குழந்தையிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு 2016இல் வகுக்கப்பட்ட ஒரு மதிப்பெண் முறை உண்டு. உதட்டுத் திசுவுக்கு 3, ஆன்டி-ரோவுக்கு 3, ஷெர்மர், சாயம், எச்சில் ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 4 வந்தால் நோய். அந்த முறையில் குழந்தையின் கன்ன வீக்கத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. எனவே 3 மட்டுமே வாங்கிய குழந்தையிடம் "நோய் இல்லை" என்று சொல்லப்பட்டால் அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளைப் பார்த்துப் பழகிய முடக்குவாத மருத்துவரின் (ருமட்டாலஜிஸ்ட்) கருத்தைக் கேளுங்கள்.

7. ஒருவர் கையில் கயிறு

கண்ணுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர், காது மூக்குத் தொண்டைக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர். ஆளுக்கொரு சீட்டு. யாரும் அடுத்தவர் சீட்டைப் படிப்பதில்லை. ஆகவே முடக்குவாத மருத்துவரையோ குழந்தை நல மருத்துவரையோ மையமாக வைத்து, மற்றவர்களின் கருத்தை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. புது மருந்து எதையும் அவருக்குத் தெரியாமல் தொடங்காதீர்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் முடக்குவாதத்துக்கெனத் தனித் துறை இருக்கிறது. எழும்பூரிலேயே அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் அரசு கண் மருத்துவமனையும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் மாதாமாதம் ஓட வேண்டியதில்லை. திட்டத்தை அங்கே வகுத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைகளை உள்ளூரில் செய்யலாம்.

8. கண்: சொட்டு மருந்தும் அதன் வரிசையும்

செயற்கைக் கண்ணீர்தான் அடிப்படை. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹையலூரோனேட் என்று பல வகை உண்டு. எது என்பதைவிட முக்கியமானது அதில் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) இருக்கிறதா என்பது. பென்சால்கோனியம் குளோரைடு சேர்த்த சொட்டு நாளுக்கு இரண்டு முறை என்றால் பொறுக்கும். ஆறு முறை போடும் குழந்தைக்கு அதுவே கருவிழியைப் புண்ணாக்கும். விலை கூடினாலும் ஒருவேளைக் குப்பியோ, பிரிசர்வேட்டிவ் இல்லாத வடிகட்டிப் பாட்டிலோ வாங்குங்கள். சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் வேறு.

போடும் முறை: கை கழுவுங்கள். குழந்தை படுத்து மேலே பார்க்கட்டும். கீழ் இமையை மெல்ல இழுத்து ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்துங்கள். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்குப் போய் வாய் கசக்கும். இரண்டு மருந்துகளுக்கு நடுவே 5 நிமிட இடைவெளி, கடைசியில் களிம்பு. களிம்பை முதலில் தடவினால் அடுத்து விழும் சொட்டு உள்ளே போகாது. இரவுக்கு மட்டும் களிம்பு போதும். பகலில் பார்வை மங்கும்.

கண் எரியும்போது போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். எரிவதற்கு முன் போட வேண்டும்: எழுந்ததும், பள்ளிக்குக் கிளம்பும்போது, மதிய உணவு மணியில், வந்ததும், வீட்டுப்பாடத்துக்கு முன், படுக்கும்போது. மணிக்கணக்கு வேண்டாம், வேலைக்கணக்கு வைத்தால் மறக்காது.

அழற்சியைக் குறைக்கச் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதுவார்கள். போட்டதும் எரியும், முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகும். இரண்டாவது வாரத்திலேயே "இது எரிகிறது, வேலை செய்யவில்லை" என்று நிறுத்தியவர்களே நான் பார்த்ததில் அதிகம். அதற்குக் கால் மணி நேரம் முன்பாகச் செயற்கைக் கண்ணீர் போட்டால் எரிச்சல் தணியும்.

ஸ்டீராய்டு சொட்டு உடனே கேட்கும், அதனாலேயே ஆபத்து. கண் அழுத்தம் ஏறும், புரை விழும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் ஒரு நாளும் போடாதீர்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மறுபடி வாங்காதீர்கள்.

கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான் சிலருக்கு உதவும். அழற்சி அடங்கிய பிறகே அதை வைப்பது நல்லது. அழற்சியுள்ள கண்ணீரை அங்கேயே தேக்கி வைப்பதில் பயனில்லை.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு எதுவும் இந்தக் கண்ணில் விடாதீர்கள். கண்ணீர் குறைந்த கருவிழிக்குக் கிருமியை எதிர்க்கும் வலு குறைவு. பாட்டி மனம் நோகாமல் இருக்க, எண்ணெயை உச்சந்தலையில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் என்றால் பக்கம் மூடிய கண்ணாடி. கைபேசி பார்க்கும்போது இமைப்பது குறையும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை தூரத்தில் எதையாவது பார்த்து நன்றாக மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

9. வாய்: பல்லைக் காப்பது முதல் வேலை

வாய் ஈரம் இதத்துக்கானது. பல் போனால் திரும்பாது. ஆகவே இந்தப் பகுதியில் பல் மருத்துவரே முதலில். நோய் உறுதியான மாதமே போய், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபுளோரைடு பூச்சுக்கு ஏற்பாடு செய்யுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருக்கும் ஊர்க்காரர்கள் அதைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அளவை அவர் கணக்குப் போட வேண்டும்.

வீட்டில் 1000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பற்பசை, 3 வயதுக்கு மேல் பட்டாணி அளவு, இரண்டு வேளை. இரவு வேளையைத் தவற விடக் கூடாது. தூக்கத்தில் உமிழ்நீர் மேலும் குறையும். துலக்கிய பின் துப்பினால் போதும், வாய் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிட வேண்டாம். பல்பொடி, கரித்தூள், செங்கல் தூள் வேண்டவே வேண்டாம். உமிழ்நீர் இல்லாத பல்லை அவை அரத்தால் ராவுவது போல ராவிவிடும்.

தண்ணீரை மடமடவெனக் குடிப்பதைவிட அடிக்கடி சிறு மடக்காக நனைத்துக்கொள்வது பலன் தரும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. தாகமாக இருக்கிறதே என்று எலுமிச்சைச் சாறு, குளுக்கோஸ் தண்ணீர், பாக்கெட் பழச்சாறு கொடுக்கிறார்கள். நாள் முழுக்க மடக்கு மடக்காக இறங்கும் சர்க்கரையும் புளிப்பும் ஆறே மாதத்தில் வாயைக் காலி செய்துவிடும். இனிப்பு வேண்டுமானால் சாப்பாட்டோடு கொடுங்கள், இடையில் வேண்டாம். உமிழ்நீர் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாய் கொடுப்பதும் அப்படித்தான். மெல்லத் தெரிந்த, விழுங்கிவிடாத வயதென்றால் சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் கொடுக்கலாம். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். அதற்குச் சைலிட்டால் நஞ்சு.

குழந்தைகளுக்கான சிரப்புகள் பலவற்றில் சர்க்கரை உண்டு. இரவில் கொடுத்துவிட்டுத் தூங்கவைக்காதீர்கள்.

நாக்கு சிவந்து வழவழப்பாகி, உதட்டோரம் வெடித்து, ரசம்கூட எரிகிறது என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதை வைட்டமின் குறைவு என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பார்கள். பூஞ்சை மருந்தில் சில நாளில் அடங்கும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் போதும்; வாசனை கலந்த உதட்டுப் பூச்சு வேண்டாம்.

10. கன்னம் வீங்கும் நாளில்

வெதுவெதுப்பான துணி ஒத்தடம், பிறகு காதருகிலிருந்து வாயோரத்தை நோக்கி மெல்லத் தடவுதல். சுரப்பியின் குழாய் மேல் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் திறக்கிறது. தேங்கிய எச்சிலை அந்த வழியாகத்தான் தள்ளுகிறீர்கள். பின்னோக்கித் தடவினால் வலிதான் மிஞ்சும். தண்ணீர் கூடுதலாகக் கொடுங்கள்.

தோல் சிவந்து, சுட்டு, காய்ச்சல் அடித்து, தடவும்போது வாய்க்குள் சீழ் வந்தால் அது பாக்டீரியா தொற்று. அன்றே மருத்துவரிடம் போங்கள். அப்போது அழுத்தித் தடவாதீர்கள். இவை எதுவும் இல்லாத வெறும் வீக்கத்துக்கு ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை.

11. மாத்திரை

ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெரும்பாலும் எழுதப்படும். மூட்டு வலி, களைப்பு, தோல் தடிப்புக்காகத் தருவார்கள். கண்ணும் வாயும் இதனால் நனையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். உணவோடு கொடுங்கள், வயிறு புரட்டாது.

அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 25 கிலோ குழந்தைக்கு 125 மி.கி. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 200 மி.கி. மாத்திரை. அதனால் சில நாள் கொடுத்துச் சில நாள் விட்டு, வாரத்துக்குக் கணக்குப் போட்டு எழுதுவார்கள். "ஒரு நாள் விட்டுவிட்டாரே, தவறுதலாக எழுதினாரோ" என்று நாமே தினமும் ஆக்கிவிடக் கூடாது. விழித்திரையைப் பாதிக்கும் மருந்து இது. தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். எடை கூடும்போது அளவை மறுபடி கேளுங்கள்.

பூட்டி வையுங்கள். தம்பி தங்கை சில மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டாலும் உயிருக்கு ஆபத்து.

சிறுநீரகம், நரம்பு, ரத்தம் பாதிக்கப்பட்டால் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் தேவைப்படும். அவற்றைத் தொடங்கும் முன் தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டுங்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மருந்து ஓடும்போது போட முடியாமல் போகலாம்.

12. எதற்காக அன்றே ஓட வேண்டும்

கைகால் திடீரெனத் தளர்ந்து எழ முடியாமல் போனால், நேராக அவசரப் பிரிவு. பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் கடும் வலி, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. வலிப்பு, மூச்சுத் திணறல், சிறுநீரில் நுரை அல்லது ரத்தம் என்றாலும் அப்படியே.

ஒரு பக்கம் மட்டும் கல் போலக் கெட்டியாகி நான்கு வாரத்துக்கு மேல் குறையாத வீக்கம், காலில் ஊதாப் புள்ளிகள், எடை குறைவு, விடாத காய்ச்சல், இவை ஒரு வாரத்துக்குள் காட்ட வேண்டியவை. இந்த நோயில் நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல், ஆனாலும் குழந்தைகளிடம் அரிது. அரிது என்பதால் பயந்து வாழ வேண்டாம், அரிது என்பதால் வீக்கத்தைப் பார்க்காமலும் இருக்க வேண்டாம்.

13. பள்ளிக்கு ஒரு கடிதம்

வகுப்பு ஆசிரியருக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேசையில் தண்ணீர்ப் புட்டி வைக்க அனுமதி, கழிப்பறைக்குப் போகத் தடையில்லாமை, மின்விசிறிக்கும் ஜன்னல் காற்றுக்கும் நேராக இல்லாத இருக்கை, மதிய மணியில் சொட்டு மருந்து. நோயின் பெயரை விளக்கப் பெரிய கட்டுரை வேண்டாம். "இது ஒட்டுவதில்லை" என்ற ஒரு வரியை மட்டும் மறக்காதீர்கள். கன்னம் வீங்கிய குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் பள்ளிகளுக்கு உண்டு. அதில் மட்டும் ஒரே ஆண்டில் என் மகளுக்கு மூன்று வாரப் பாடம் போயிற்று.

14. மருத்துவக் கோப்பு குழந்தையின் கைக்கு

12 வயது வாக்கில் சொட்டு மருந்தைத் தானே போடப் பழக்குங்கள். அடுத்து மருத்துவரின் கேள்விகளுக்குக் குழந்தையே பதில் சொல்லட்டும். நீங்கள் விட்டுப்போனதை மட்டும் சேருங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் ரத்த எண்ணிக்கை, பொட்டாசியம், கிரியாட்டினின், சிறுநீர், சி4 ஆகியவற்றை ஒரே தாளில் தேதிவாரியாக எழுதப் பழக்குங்கள். எண் இறங்குகிறதா என்பது வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும்.

பெண் குழந்தைக்கு ஆன்டி-ரோ இருந்தால் கோப்பின் முதல் பக்கத்தில் "ஆன்டி-ரோ பாசிட்டிவ்" என்று சிவப்பு மையில் எழுதி வையுங்கள். பின்னாளில் அவள் கருவுற்றால் இந்த எதிரணு நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவை அடைந்து, நூறில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத்தின் மின் தூண்டலைத் தடுத்துத் துடிப்பை மெதுவாக்கும். முன்பே தெரிந்தால் 16 வாரம் முதல் சிசுவின் இதயத்தை ஸ்கேனில் கவனிக்க முடியும். அப்போது நாம் பக்கத்தில் இருப்போமோ மாட்டோமோ, எந்த ஊரில் எந்த மருத்துவர் பார்ப்பாரோ தெரியாது. கோப்பு அவளோடு போகும்.